சட்டப் பேராசான் லௌட்டர்பாக்ட்

எமது சங்கத்தின் ஆண்டு மலரிலே பெரியோர் ஒருவருடைய வரலாறு இடம்பெறுவது வழக்கம். நாயன்மார், நாவலர் பெருமான், விவேகானந்த அடிகள் என இம்மலரைக் கையிலெடுப்போர் எதிர்பார்க்கும் பெயர்கள் பல உள. இம்முறை நாம் எடுத்துக்கொண்டதோ, ஐரோப்பாவின் கிழக்கு மூலையிலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, சட்டக் கல்வியே வாழ்வெனக் கொண்டு, 1960 ஆம் ஆண்டிலே மறைந்த ஓர் அறிஞருடைய வரலாறு. ஹேர்ஷ் லௌட்டர்பாக்ட் என்பது அவர் பெயர். இவருக்கும் எமக்கும் என்ன தொடர்பு என மூத்தோர் சிலர் கேட்கக்கூடும். மனித உரிமை என்னுஞ் சொல் இன்று எம்நாட்டிலே படித்தவர் வாயிலும் பாமரர் வாயிலும் வழங்குகின்றது. மேடைதோறும் முழங்கும் அச்சொல்லுக்குச் சர்வதேசச் சட்டத்திலே ஓர் இருக்கை தேடிக்கொடுத்தவர்களை எண்ணும்போது, முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இவர். அன்றியும், இளமையிலே தம்மினத்து மாணவர்களுக்கு ஒரு சங்கம் அமைத்து நடத்தியவர். சங்கத்து இளைஞர் இதனையும் கவனிப்பாராக.

1897 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 ஆந் திகதி, அக்காலத்து ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குட்பட்ட கலீசியா மாகாணத்திலே, சோல்கியூ என்னும் சிறு பட்டினத்தில் இவர் பிறந்தார். தந்தையார் ஆரோன் மரவியாபாரத்தில் ஈடுபட்டவர். தாயார் பெயர் டெபோரா. தமையன் ஒருவரும் தமக்கை ஒருவரும் இருந்தனர். பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு 1910 அளவில் குடும்பம் அருகிலிருந்த பெருநகராகிய லெம்பேர்க்குக்குக் குடிபெயர்ந்தது. அந்நகரைப்பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒஸ்திரியர் ஆண்டபோது அதற்கு லெம்பேர்க் என்று பெயர்; போலந்தார் கைப்பற்றியபின் லுவூவ் ஆயிற்று; பின்னர் சோவியத்தார் வந்தனர், ஜேர்மானியர் வந்தனர், மீண்டுஞ் சோவியத்தார் வந்தனர்; இன்று அது உக்ரேனிய நாட்டின் லிவிவ் நகரம். வீட்டை விட்டு அசையாமல் ஒரே தெருவிற் குடியிருந்த ஒருவன், முப்பதாண்டுக்குள் பல அரசுகளுக்குப் பிரசையானான். பிரசை என்பவன் எந்த அரசுக்கு உரியவன், அந்த அரசு அவனை வதைத்தால் அவன் எவரிடம் முறையிடுவான் என்னும் வினா, இத்தகைய ஊரிற் பிறந்தவனுக்கு ஏட்டிலே படித்துத் தெரியவேண்டிய வினாவன்று.

1915 ஆம் ஆண்டிலே லெம்பேர்க் பல்கலைக்கழகத்தில் இவர் சட்டம் பயிலத் தொடங்கினார். முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒஸ்திரியப் படையிலும் சேர்க்கப்பட்டார். 1918 நவெம்பரிலே பேரரசு சிதைந்தது. போலந்தாரும் உக்ரேனியரும் நகருக்காகப் போரிட்டனர். நடுவில் அகப்பட்ட யூதர் மீது, போலந்தார் வெற்றி பெற்ற அந்நாட்களிற் பெருங் கொலையுங் கொள்ளையும் நிகழ்ந்தன. அடுத்த ஆண்டு, இவருடைய படிப்பு முடியுந் தறுவாயில், யூத மாணவர்க்குப் பல்கலைக்கழகத்தின் கதவு அடைபட்டது. இறுதிப் பரீட்சை எழுதும் வாய்ப்பு இல்லாமலே ஊரை விட்டுப் புறப்பட்டார். திறமை இருந்தும் பிறப்புக் காரணமாக வாயிலில் நிறுத்தப்படுவது எத்தகைய வேதனை என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1919 இல் வியன்னா சென்றார். அங்கே சட்டத் தத்துவத்தில் உலகப் புகழ்பெற்ற ஹான்ஸ் கெல்சன் என்பாரிடம் மாணாக்கரானார். 1921 இற் சட்டத்திலும், 1922 இல் அரசியல் விஞ்ஞானத்திலுங் கலாநிதிப் பட்டங்கள் பெற்றார். இரண்டாவது ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் அதற்கு வருவோம். உலகப்போரிலே தோற்ற நாடுகளின் குடியேற்ற நிலங்களை, வென்ற நாடுகள் தமக்கே சொந்தமாக்கிக்கொள்ளாது, சர்வதேச சங்கத்தின் பெயரால் நம்பிக்கைப் பொறுப்பாக ஆளவேண்டும் என்னும் ஆணைமுறையே அப்பொருள்.

வியன்னாவில் அவர் புத்தகமே கதியெனக் கிடந்தவரல்லர். கிழக்கிலிருந்து வந்து உணவுக்கும் உறையுளுக்கும் வழியின்றித் தவித்த யூத மாணவர்க்கு விடுதி அமைத்து நடத்துவதில் முன்னின்றார். பல நாடுகளிலும் இருந்த யூத மாணவர் கழகங்களை ஒன்றிணைத்த உலகச் சம்மேளனத்துக்குத் தலைமை தாங்கினார். கணக்கெழுதுதல், பணந்திரட்டுதல், தீர்மானங்களுக்கு வாசகம் வகுத்தல் என்றெல்லாஞ் சங்க வேலைகள் உண்டே, அவையெல்லாம் அவர் கைப்பட்டவை. ஒரு வாசகத்தை எல்லாரும் ஒப்புமாறு வகுப்பது எப்படி என்பதை அவர் முதலிற் பயின்றது அங்கேதான் என நாம் எண்ணுகின்றோம்.

அங்கேதான் இசைக்கலை பயிலவந்த ராக்கேல் ஸ்டைன்பேர்க் என்னும் மங்கையைக் கண்டார். 1923 இல் இருவரும் மணம்முடித்து, அவ்வாண்டே இங்கிலாந்து சேர்ந்தனர். இலண்டன் பொருளியற் கல்லூரியிலே ஆர்னல்ட் மக்நயர் என்னும் பேரறிஞர் இவரைத் தம் மேற்பார்வையில் ஏற்றுக்கொண்டார். வந்த புதிதில் இவருடைய ஆங்கிலப் பேச்சு விளங்காமல் ஆசிரியர் இடர்ப்பட்டார் என்றும், சில வாரங்களுக்குள்ளே விரிவுரைகளுக்கெல்லாம் ஓடியோடிச் செவிகொடுத்துத் தடையின்றிப் பேசக் கற்றுக்கொண்டார் என்றுங் கூறுவர். அந்நிய மொழியிற் பரீட்சைக்குப் படிக்கும் எம் மாணவர் இதனை ஆறுதலாகக் கொள்ளலாம். மக்நயரோடு கொண்ட நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

1927 இல் வெளியான அவருடைய முதற் பெருநூல், தனியார்க்கிடையே வழங்குஞ் சட்டத்தின் பொதுநெறிகள் நாடுகளுக்கிடையிலான சட்டத்துக்கும் ஊற்றாக உள்ளன என நிறுவியது. உடன்படிக்கையென்றால் ஒப்பந்தம், நிலமென்றால் உடைமை. மனிதருக்குப் பொருந்தும் நீதி, மனிதர் கூடிய அரசுகளுக்கு மட்டும் ஏன் பொருந்தாது என்பதே அந்நூலின் உட்கிடை. 1929 முதல் மக்நயருடன் சேர்ந்து, உலக நாடுகளின் நீதிமன்றங்கள் சர்வதேசச் சட்டத்தைப் பற்றி வழங்கிய தீர்ப்புகளைத் திரட்டி ஆண்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். இது கண்ணைப் பறிக்கும் வேலையன்று. ஆனால் சர்வதேசச் சட்டமென்பது பேராசிரியர்களின் கற்பனை என்று நகைத்தவர்களுக்கு, இதோ நீதவான்கள் நாள்தோறும் அதனைக் கையாளுகிறார்கள் எனக் காட்டிய சான்றுக் களஞ்சியம் அது. வேறு பெயரில் அத்தொகுதி இன்றும் வெளிவருகின்றது. 1933 இல் வந்த மற்றொரு நூலில், நாடுகளுக்கிடையே எழும் எந்தப் பிணக்கும் நீதிமன்றத்தால் தீர்க்க முடியாததன்று என வாதிட்டார். அரசியற் பிணக்கு, மானப் பிணக்கு என்று பெயர் சூட்டி நீதிபதியிடமிருந்து நழுவும் அரசுகளின் தந்திரத்தை அது தோலுரித்தது. அவ்வாண்டுதான் ஹிட்லர் ஜேர்மனியில் ஆட்சி பெற்றான். நேரம் இவ்வளவு பொல்லாததாக அமைந்த நூல்கள் சிலவே.

1931 இற் பிரித்தானியப் பிரசையாகிய இவர், 1938 இலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சர்வதேசச் சட்டப் பேராசிரியரானார். முன்னர் மக்நயர் வகித்த பீடம் அது. கிரான்மர் வீதியில் வீடும் தோட்டமுமாக வாழ்வு நிலைபெற்றது. அடுத்த ஆண்டே போர் மூண்டது. மனைவியையும் மகனையும் அமெரிக்காவில் விட்டுத் தாம் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். அமெரிக்காவுக்குச் சென்றிருந்த வேளையிலே, அப்போது அந்நாட்டுச் சட்டமா அதிபராயிருந்த ரொபேட் ஜாக்சனைச் சந்தித்தார். நடுநிலை வகிக்கும் நாடொன்று, அநியாயமாகத் தாக்கப்பட்டவனுக்கு உதவிசெய்வது சட்டத்துக்கு மாறாகாது எனக் குறிப்பெழுதிக் கொடுத்தார். அக்குறிப்பு 1941 இல் ஜாக்சனுக்குக் கைகொடுத்தது.

பெற்றோரும் உடன்பிறந்தாரும் லெம்பேர்க்கிலேயே இருந்தனர். 1941 தொடக்கத்திற் கூடத் தந்தையாரிடமிருந்து கடிதம் வந்தது. ஜூன் முடிவில் ஜேர்மன் படை அந்நகருட் புகுந்தது. ஆகஸ்டில் கலீசியா மாகாணம், ஹான்ஸ் பிராங்க் என்பானுடைய ஆட்சிக்குட்பட்ட போலந்துப் பகுதியோடு சேர்க்கப்பட்டது. கடிதங்கள் நின்றன. இந்தப் பிராங்க் யாரெனில், அவனும் ஒரு வழக்கறிஞன்; ஹிட்லருக்காக நீதிமன்றமேறி வாதாடியவன்; ஜேர்மன் சட்டக் கழகத்தைத் தோற்றுவித்துத் தலைமை தாங்கியவன். 1942 ஆகஸ்ட் முதலாந் திகதி அவன் லெம்பேர்க் வந்து விழாக் கொண்டாடிச் சென்றான். அம்மாதமே நகரத்து யூதரை வேட்டையாடிக் கொலைமுகாமுக்கு அனுப்பும் பெருங்கொடுமை நடந்தது. லௌட்டர்பாக்டின் தாய், தந்தை, தமையன், தமக்கை எவரும் போர்முடிவைக் காணவில்லை. தமக்கையின் மகள் ஒருத்தி மட்டுங் கன்னிமாடமொன்றில் ஒளித்துவைக்கப்பட்டு உயிர்தப்பினாள். இச்செய்தி முழுவதும் கேம்பிரிட்ஜிலிருந்த அவருக்கு எட்டியது போர் ஓய்ந்த பின்னரே. நாலாண்டுகள் ஒன்றுந் தெரியாமலே இருந்தார்.

அந்த நாலாண்டுகளில் அவர் எழுதியதைப் பார்ப்போம். மனிதனுடைய உரிமைகளுக்குச் சர்வதேசச் சாசனமொன்று வகுத்தல் பற்றிய நூல் அது. 1942 இலே எழுதத் தொடங்கப்பெற்று 1945 இல் நியூயோர்க்கில் வெளியாயிற்று. அதுவரை சர்வதேசச் சட்டத்தின் முன்னிலையில் நிற்க உரிமை பெற்றவை அரசுகள் மட்டுமே. ஓர் அரசு தன் பிரசையை எப்படி நடத்தினாலும் அது உள்வீட்டு விடயம், அயலான் தலையிடக்கூடாது. இக்கோட்பாட்டைத்தான் அவர் அடியோடு மறுத்தார். அரசென்பது மனிதருக்காகவே இருப்பதாதலின், சட்டத்தின் இறுதி அலகு தனிமனிதனே என்றார்.

எம்மவர்க்கு இக்கருத்துப் புதிதன்று என நாம் பெருமைப்படலாம். பாண்டியன் அவையிலே ஒற்றைச் சிலம்போடு நின்ற கண்ணகியை ஈழத்தின் கிழக்கிலும் வடக்கிலும் ஊர்தோறும் வழிபடுகிறோம். ஆனால் அங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. முறையிட்டவளுக்குத் தீர்ப்புச் சொன்னவன் குற்றஞ்செய்த அரசனே. தன் பிழை கண்டு தானே உயிர்நீத்த பெருந்தகை அவன். அத்தகைய அரசன் வாய்க்காதபோது கண்ணகி எங்கே போவாள் என்பதுதான் லௌட்டர்பாக்டின் கேள்வி. நெடுஞ்செழியனின் மனச்சாட்சியை நம்பி இருக்காமல், அரசனுக்கு மேலே ஒரு மன்றம் வேண்டுமென்றார் அவர்.

1945 ஜூலை முடிவில், இப்போது உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் போர்க்குற்ற விசாரணையின் அமெரிக்கத் தலைமை வழக்குத்தொடுநராகவும் இருந்த ஜாக்சன், கேம்பிரிட்ஜுக்கு வந்தார். கிரான்மர் வீதித் தோட்டத்திலே தேநீர் வேளையில் உரையாடல் நடந்தது. நான்கு வல்லரசுகளின் சட்டத்தரணிகள் இலண்டனிற் கூடி, குற்றங்களை எப்படி வகைப்படுத்துவதென இழுபறிப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு தலைப்புச் சூட்டினாற் பொதுமக்களுக்கும் விளங்கும் என்ற யோசனையைக் கூறி, பொதுக் குடிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை மானிடத்துக்கு எதிரான குற்றங்கள் என அழைக்கலாமென இவர் சொன்னார். அச்சொற்றொடர் முன்னரும் வழங்கியதுண்டு. 1915 இல் ஆர்மீனியர் கொலைபற்றி வல்லரசுகள் விட்ட அறிக்கையிலே காணலாம். ஆனால் தண்டனைச் சட்டத்தில் ஒரு குற்றத்தின் பெயராக அது ஏறியது 1945 ஆகஸ்ட் 8 ஆந் திகதி கைச்சாத்தான இலண்டன் சாசனத்திலேதான்.

இதிலும் ஒரு குறை நேர்ந்தது. சாசனத்தின் அப்பிரிவில் முதலில் அரைப்புள்ளியொன்று இருந்தது. அக்டோபரிலே அதனை எடுத்துவிட்டுக் காற்புள்ளி இட்டனர். குறியொன்று மாறியதாற் பொருளும் மாறியது: போரோடு தொடர்புடைய கொடுமைகள் மட்டுமே குற்றம் என்றாகி, 1939 செப்டெம்பருக்கு முன் ஜேர்மனி தன் சொந்தப் பிரசைகளுக்குச் செய்தவை பெரும்பாலும் வழக்குக்கு வெளியே நின்றன. இலக்கணம் படிப்பதால் என்ன பயன் எனக் கேட்கும் மாணவர்க்கு ஆசிரியர்கள் இதனை எடுத்துக்காட்டலாம்.

நவெம்பர் 20 ஆந் திகதி நூரெம்பேர்க் நகரில் விசாரணை தொடங்கியது. பிரித்தானிய வழக்குத்தொடுநர் குழுவோடு லௌட்டர்பாக்ட் அம்மன்றில் அமர்ந்திருந்தார். சில யார் தூரத்திலே, குற்றவாளிக் கூண்டில், ஹான்ஸ் பிராங்க் இருந்தான். ஒரே தொழிலைக் கற்ற இருவர். ஒருவர் சட்டத்தை அரசனுக்கு மேலே ஏற்றப் பாடுபட்டவர், மற்றவன் அதனை அரசனுடைய காலணியாக்கியவன். பிரித்தானியச் சட்டமா அதிபர் சேர் ஹார்ட்லி ஷோகுரொஸ் ஆற்றிய தொடக்கவுரைக்கும் 1946 ஜூலையில் ஆற்றிய முடிவுரைக்கும், சட்டப் பகுதிகளிற் பெரும்பங்கை வரைந்து கொடுத்தவர் லௌட்டர்பாக்ட். அரசென்னும் போர்வைக்குள் ஒருவரும் ஒளியமுடியாது, குற்றம் புரிபவர் மனிதரே, ஆதலின் தண்டனைக்குரியவரும் மனிதரே என்பது அவ்வரைவுகளின் சாரம். தம் வீட்டாருக்கு நேர்ந்ததை அவற்றில் ஒரு வரியிலும் எழுதவில்லை. இது கல்நெஞ்சமன்று. தம் துயரை வாதத்திற் கலந்தால் அது பழிவாங்கலாகி, சட்டத்தின் வலுக் குன்றும் என அவர் அஞ்சியிருப்பார் என்றே நாம் கொள்கின்றோம். மன்றம் பிராங்கைக் குற்றவாளியெனக் கண்டு, 1946 அக்டோபர் 16 ஆந் திகதி அவன் தூக்கிலிடப்பட்டான்.

இவரோடு வைத்துப் பேசவேண்டிய இன்னொருவர் உளர். ரபேல் லெம்கின் என்பார். அவரும் யூதர், அதே லெம்பேர்க் பல்கலைக்கழகத்திலே சில ஆண்டுகள் பிந்திச் சட்டம் பயின்றவர், அவரும் பெற்றோரை அக்கொலைக்களத்தில் இழந்தவர். இனப்படுகொலை என நாம் தமிழில் வழங்குஞ் சொல்லின் ஆங்கில மூலத்தை 1944 இற் படைத்தவர் அவரே. ஓர் இனத்தை இனமென்பதற்காகவே அழிப்பதைத் தனிக்குற்றமாக்க வேண்டுமென்பது அவர் தவம். லௌட்டர்பாக்டுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. இனத்தை முன்னிறுத்தினாற் சட்டமே மனிதரைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கும், தனிமனிதன் மறைந்துபோவான் என்று அவர் கருதினார். இருவரிலே யார் சரி? எம் சங்கத்தார்க்குள்ளேயே இதுபற்றி இரு கட்சி உண்டு. இனத்தின் பெயராலே கொல்லப்படுகிறவனுக்கு, நீ தனிமனிதனாகவே இறந்தாய் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. இவ்விடத்தில் நாம் லெம்கின் பக்கஞ் சாய்கின்றோம். ஆயினும் லௌட்டர்பாக்டின் எச்சரிக்கையைக் கேட்டுத் தலையசைக்காமல் இருக்கவும் முடியவில்லை. 1948 டிசெம்பர் 9 இல் இனப்படுகொலைச் சமவாயமும், மறுநாள் மனித உரிமைப் பிரகடனமும் ஐக்கிய நாடுகள் சபையிலே நிறைவேறின. இருவர் எண்ணமும் ஒரு நாள் இடைவெளியில் உலகேறின எனலாம். முற்கூறிய சமவாயத்தை இலங்கை 1950 இல் ஏற்றது.

பிரகடனம் நிறைவேறியதை உலகமே கொண்டாடியபோது, கொண்டாடாமல் நின்றவர் ஒருவர் உண்டெனில் அவர் லௌட்டர்பாக்ட். கட்டுப்படுத்தும் வலுவில்லாத பிரகடனம், அரசுகளுக்குப் புண்ணியம் செய்த நிறைவைத் தந்து, கடமையிலிருந்து தப்பவும் வழிசெய்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. தனிமனிதன் முறையிட வழியில்லாத உரிமை உரிமையாகாது என 1950 இல் வெளியிட்ட நூலிலே விரித்தெழுதினார். அவர் கூறியது மிகையென்பாரும் உளர்; பிரகடனம் பின்னாளிற் பல நாடுகளின் அரசியலமைப்புகளுக்கு ஊற்றாகியது உண்மையே. எனினும் அவர் கைவைத்த இடம் நோவுள்ள இடந்தான். பிரகடனத்தை வகுத்த குழுவிலே அவருக்கு இடங் கிடைக்கவில்லை. அண்மையில் வந்து குடியேறிய யூதர் என்பது வெளிநாட்டலுவலகத்து அதிகாரிகள் சிலருக்கு உறுத்தியது. பின்னர் சர்வதேச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் பிரேரிக்கப்பட்டபோதும் அதே முணுமுணுப்பு எழுந்தது. முப்பதாண்டு அந்நாட்டுக்கு உழைத்தவர்!

முணுமுணுப்பு வெல்லவில்லை. 1955 இல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தின் நீதியரசரானார். அவ்வாண்டு முடிவிலேதான் எமது நாடும் ஐக்கிய நாடுகள் சபையில் அங்கம் பெற்றது. மறு ஆண்டு சேர் பட்டமும் வந்தது. வாசகரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பொருள் இங்கே மீள்கின்றது. தென்மேற்கு ஆபிரிக்காவை ஆணைமுறையிலே பெற்ற தென்னாபிரிக்கா, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கணக்குக் காட்ட மறுத்துவந்தது. அந்நிலத்து மக்களுடைய மனுதாரர் நேரில் வந்து வாய்திறந்து முறையிடச் சபையின் குழு இடமளிக்கலாமா என்ற கேள்வி 1956 இல் நீதிமன்றின் முன் வந்தது. வியன்னாவில் இருபத்தைந்து வயது மாணவனாக ஆராய்ந்த ஆணைமுறையைப்பற்றி, ஐம்பத்தெட்டு வயது நீதியரசராக அவர் தனி அபிப்பிராயம் எழுதினார். இடமளிக்கலாமென நீதிமன்றங் கூறிற்று. அந்நிலம் 1990 இலே நமீபியா என்னுஞ் சுதந்திர நாடாயிற்று.

1957 இல் நோர்வேக் கடன் வழக்கு. பிரான்சு நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தை ஏற்றுக்கொண்டபோது, உள்நாட்டு விடயங்கள் நீங்கலாக என்றும், எது உள்நாட்டு விடயமென்பதைத் தானே முடிவுசெய்யும் என்றும் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகும் இந்த ஏற்பு ஏற்பே அன்று எனத் தனியாக எழுதிவைத்தார். உடனிருந்த நீதியரசரிற் பெரும்பாலோர் அவ்வளவு தூரம் போகவில்லை. இன்று சட்ட மாணவர் படிப்பது பெரும்பாலும் அவர் எழுதிய அப்பக்கங்களையே.

ஒன்பதாண்டுப் பதவிக்காலத்தை அவர் நிறைவுசெய்யவில்லை. நோயுற்று 1960 மே 8 ஆந் திகதி, அறுபத்திரண்டாம் வயதில் இலண்டனிற் காலமானார். ஐரோப்பாவிற் போர் ஓய்ந்து சரியாகப் பதினைந்து ஆண்டு முடிந்த நாள் அது. தனிமனிதன் நேரே முறையிடும் உரிமையை, ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தின் கீழ்ப் பிரித்தானியா 1966 இலேதான் வழங்கியது. அவ்வாண்டே கட்டுப்படுத்தும் வலுவுள்ள உடன்படிக்கைகள் ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறின. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையில் இலங்கை 1980 இலும், தனியார் முறையீட்டுக்கு வழிசெய்யும் அதன் நெறிமுறையில் 1997 இலுஞ் சேர்ந்தது. 2006 இலே எமது உயர்நீதிமன்றம், அந்நெறிமுறையில் அரசு சேர்ந்தது அரசியலமைப்புக்கு ஒவ்வாதது எனத் தீர்ப்பளித்தது.

தந்தையின் வழியிலே சர்வதேசச் சட்ட அறிஞராக விளங்கிய மகன் எலிகு, தந்தையாரின் கட்டுரைகளைத் தொகுத்து ஐந்து பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். பின் 2010 இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். நீதியரசர் தம் நூல்களில் எங்கும் பேசாதிருந்த வீட்டாரின் கடிதங்கள் அதிலேதான் அச்சேறின.